அப்பா ஸ்டூடியோ வைத்திருந்தார்: நினைவு மலரில் என்ன எழுதுவது?

தம்பி கேட்டிருப்பது இதுதான். அவருடைய அப்பா ஒரு சின்ன ஊரில் 1974 முதல் 2012 வரை போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவர். காலமாகிப் பத்து மாதம் ஆகிறது. முதல் வருஷ நினைவு நாளுக்கு ஒரு மலர் போட நினைக்கிறார்கள். "சிறந்த புகைப்படக் கலைஞர், பாசமிகு குடும்பத் தலைவர்" என்று எழுதியதோடு பேனா நின்றுவிட்டது. பரணில் பத்துப் பன்னிரண்டு பெட்டி நெகட்டிவ் கிடக்கிறது, அதை என்ன செய்வது என்பது இரண்டாவது கேள்வி.

நான் 1977இல், 16 வயதில், தென்காசிப் பக்கம் ஒரு ஸ்டூடியோவில் எடுபிடியாகச் சேர்ந்தவன். பிறகு சொந்தமாகக் கடை வைத்து, அதையும் மூடி, இப்போது வீட்டில் இருக்கிறேன். உங்கள் அப்பாவை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் கை எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். நகக்கண்ணில் பழுப்பு ஏறி, விரல் இடுக்கில் தோல் உரிந்திருக்கும். படம் கழுவுகிற டெவலப்பர் கரைசலில் இருக்கிற மெட்டால் என்ற ரசாயனம் பண்ணுகிற வேலை அது. சிலருக்கு ஒத்துக்கொள்ளாமல் படை மாதிரி அரித்துக்கொண்டே இருக்கும். எங்கள் அண்ணாச்சி, அதாவது நான் வேலை பார்த்த ஸ்டூடியோவின் முதலாளி, ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டுதான் படுப்பார். உங்கள் அம்மாவிடம் அப்பாவின் கையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதல் பத்தி கிடைத்துவிடும்.

கலைஞர் ஒரு பக்கம், குடும்பத் தலைவர் ஒரு பக்கம் என்று நீங்கள் இரண்டாகப் பிரித்துக்கொண்டதால்தான் எழுத வரவில்லை என்று நினைக்கிறேன். ஸ்டூடியோக்காரர் வீட்டில் அந்தக் கோடு கிடையாது. முன்னால் கடை, நடுவில் டார்க் ரூம், பின்னால் அடுப்படி. எங்கள் அண்ணாச்சி கடையில் பிரிண்டில் தூசு விழுந்து வெள்ளைப் புள்ளியாக நிற்கிற இடத்தை மெல்லிய பிரஷால் மை தொட்டு அடைத்தது அவர் மனைவி, எங்கள் மதினிதான். குழம்பு கொதிக்கிற நேரத்தில் நான்கு பாஸ்போர்ட் சைஸ் முடித்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கிளேசிங் தகட்டிலிருந்து காய்ந்த படத்தை உரிக்கிற வேலை. ஈரப் படத்தை முகம் கீழே படும்படி தகட்டில் வைத்து ரோலரால் அழுத்தினால், காய்ந்ததும் தானே சடசடவென்று கழன்று பளபளப்பாக விழும். பள்ளிக்கூடம் விட்டு வந்து அதைப் பொறுக்கி எண்ணி உறையில் போடுவார்கள். உங்கள் வீட்டில் யார் எந்த வேலை செய்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். மலரைப் படிக்கிற உறவுக்காரர்களில் பாதிப்பேருக்கு அது தெரிந்திருக்காது.

தீபாவளியைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். ஊரே எண்ணெய் தேய்த்துக் குளித்துப் புதுத்துணி உடுத்துகிற நாளில்தான் எங்களுக்கு உச்சக்கட்ட வியாபாரம். காலை 7 மணிக்கே வாசலில் குடும்பம் குடும்பமாக நிற்பார்கள். மஞ்சள் தடவிய புதுச் சட்டையைப் போட்டுக்கொண்டு அண்ணாச்சி கேமராவுக்குப் பின்னால் நின்றால் சாயங்காலம் வரை நகர மாட்டார். அவருடைய பிள்ளைகளுக்குத் தீபாவளி என்பது 5 மணிக்கு மேல்தான். பொங்கலும் அப்படியே. முகூர்த்த மாதங்களில் வீட்டு விசேஷம் எதற்கும் அவர் இருந்ததில்லை. சொந்த மைத்துனர் கல்யாணத்துக்கு வந்தபோதும் கேமராவோடுதான் நின்றார். ஆடியும் மார்கழியும்தான் எங்கள் விடுமுறை. கல்யாணம் கிடையாது, காசும் கிடையாது. ஆடியில் குற்றாலத்தில் தண்ணீர் விழும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போவார். கையில் காசில்லாத மாதத்தில்தான் அப்பா கூடவே இருப்பார் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளின் கணக்கு. உங்களுக்கும் அப்படி ஒன்று நினைவிருக்கும்.

இனி தொழிலுக்கு வருகிறேன். 'கலைஞர்' என்று பொதுவாகப் போட்டால் ஒன்றுமே தெரியாது. அவர் என்னென்ன படம் எடுத்தார் என்று எழுதினால் ஊரின் 38 வருஷம் அதில் வந்துவிடும். ஹால் டிக்கெட்டுக்கும் பாஸ்போர்ட்டுக்கும் எடுத்தது அன்றாடச் சோறு. பெண் பார்க்க அனுப்புகிற படம், முழுசாக ஒன்று, பாதி உருவமாக ஒன்று. தவழப்போகிற பாப்பாவைக் குப்புறப் போட்டு, கிலுகிலுப்பையை ஆட்டி எடுத்தது. மே மாதம் மல்லிகை மலிவாகிறபோது பெண்பிள்ளைகளுக்குப் பூத்தைத்துச் சடை போட்டுக் கூட்டி வருவார்கள். முகமும் தெரியவேண்டும், பின்னால் சடையும் தெரியவேண்டும் என்பதற்காகப் பக்கத்தில் நிலைக்கண்ணாடி வைத்து எடுப்போம். கண்ணாடியில் லைட்டும் விழாமல் நாமும் விழாமல் சாய்வு பார்ப்பது லேசான காரியம் இல்லை. அதற்கு அண்ணாச்சி தரையில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார்.

சாவு வீட்டுப் படத்தை எழுதலாமா என்று யோசிப்பீர்கள். எழுதுங்கள். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு, மக்கள் சுற்றி நிற்க ஒரு படம் எடுப்பது நம் பக்கத்தில் நெடுநாள் வழக்கம். ஆயுசு முழுக்க ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளாத கிழவிகளுக்கு அதுதான் முதல் படம், கடைசிப் படமும் அதுதான். நடுராத்திரி கதவைத் தட்டினாலும் போகவேண்டும், கூலி பேசக்கூடாது. பிறகு அந்த முகத்தை மட்டும் தனியே எடுத்து, மூடிய கண்ணைத் திறந்திருப்பதுபோல் வரைந்து, மாட்டுகிற படமாக்கித் தருவோம். ரயிலில் அடிபட்டு யாரென்று தெரியாமல் கிடந்தவர்களையும் போலீஸ் கூப்பிட்டால் போய் எடுத்திருக்கிறோம். அண்ணாச்சி திரும்பி வந்தால் கொல்லைப்புறமாகப் போய்க் குளித்துவிட்டுத்தான் பிள்ளைகளைத் தொடுவார். அன்றைக்கு ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்பார், காரணம் சொல்ல மாட்டார்.

டச்சிங் இருக்கிறதே, அதற்கு ஒரு தனிப் பத்தி ஒதுக்குங்கள். இன்றைக்குப் போனில் ஒரு பொத்தானை அழுத்தி முகத்தை வழவழப்பாக்குகிறார்கள். அப்போது அதைப் பென்சிலால் செய்தோம், அதுவும் நெகட்டிவ் மேல். நெகட்டிவில் எல்லாமே தலைகீழ் அல்லவா? வெளிச்சம் பட்ட கன்னம் கறுப்பாக இருக்கும், சுருக்கமும் குழியும் கண்ணாடிபோல் தெளிவாக நிற்கும். அந்தத் தெளிந்த இடத்தைப் பென்சில் கரியால் அடைத்தால், பிரிண்ட் போடும்போது அங்கே வெளிச்சம் குறைவாக இறங்கி, குழி நிரவிவிடும். பிசின் கரைத்த ஒரு திரவத்தைத் தடவினால்தான் பென்சில் பிடிக்கும். உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து முனையை ஊசிமாதிரி ஆக்க வேண்டும். சாய்வு மேசையில் ஒரு கண்ணாடிச் சட்டம், அதற்குக் கீழே ஒரு முகக்கண்ணாடி, ஜன்னல் வெளிச்சம் அதில் பட்டு மேலே வரும். கோடு இழுக்கக்கூடாது, பொடிப்பொடியாகச் சுழிக்கவேண்டும்.

இந்தியாவில் பெரியம்மை ஒழிந்தது 1975இல். அதற்கு முன்னால் அம்மை போட்டவர்கள் தழும்போடு எங்களிடம் வந்துகொண்டே இருந்தார்கள். ஒரு முகத்துக்கு ஒரு மணிநேரம் ஆகும். தழும்பை முழுக்க அழித்தால் "இது என் மகள் இல்லையே" என்பார்கள், பாதி விட்டால் "இதுக்கா காசு குடுத்தோம்" என்பார்கள். அந்த இடைப்பட்ட அளவு தெரிந்தவர்தான் டச்சிங்காரர். ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன். கல்யாணத்துக்கு அனுப்புகிற படங்களில் பெண்களை வெளுப்பாகக் காட்டச் சொல்லிக் கேட்டார்கள், நாங்களும் காட்டினோம். மாப்பிள்ளை வீட்டார் நேரில் வந்து பார்த்துவிட்டு முகம் சுளித்துப் போனபோது அந்தப் பெண் பட்ட பாட்டில் எங்களுக்கும் பங்கு உண்டு. உங்கள் அப்பா அதற்கு ஒப்புக்கொள்ளாதவராக இருந்தால் நல்லது, விசாரித்து எழுதுங்கள்.

கேமரா, பிலிம் சங்கதியைச் சுருக்கமாகப் போட்டால் போதும். 1974இல் தொடங்கிய கடை என்றால் அநேகமாக '120' என்கிற அகலப் பிலிம் ரோல் போடுகிற யாஷிகா அல்லது ரோலிகார்டு கேமரா. ஒரு ரோலுக்குச் சதுரமாக 12 படம். பிலிம் உதகையில் இருந்த இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் 'இந்து', அல்லது கிழக்கு ஜெர்மனியிலிருந்து வந்த ஆர்வோ. 'இந்து' கிடைத்தால் ஆர்வோ நல்லதென்பார்கள், ஆர்வோ கிடைத்தால் 'இந்து' நல்லதென்பார்கள். 1980களில் கலர் பரவியபோது டார்க் ரூம் வேலை கையை விட்டுப் போனது. ரோலைப் பெருநகரத்து லேபுக்கு அனுப்பிவிட்டு பஸ் பார்சலுக்குக் காத்திருந்தோம். பிறகு கல்யாண வீடியோ, அதற்கு லைட் பிடிக்கிற பையன். தேர்தல் கமிஷன் 1993இல் வாக்காளர் அட்டைக்குப் படம் வேண்டும் என்றது, அந்தப் படத்தை முகாமிலேயே எடுத்துக்கொண்டார்கள். 2006இல் கேமராவும் பிலிமும் செய்துவந்த கோனிகா மினோல்டா கம்பெனி போட்டோ தொழிலையே விட்டுப் போனது. 2010இலிருந்து ஆதார். அங்கேயும் அவர்களே கேமரா வைத்து எடுத்துக்கொண்டார்கள். 2012 ஜனவரியில் கோடாக் திவால் மனு கொடுத்தது. உங்கள் அப்பா கடையைச் சாத்தியதும் அதே வருஷம் என்கிறீர்கள். அவர் தோற்றுப்போய்ச் சாத்தியதாக எழுதிவிடாதீர்கள். 38 வருஷத்தில் நான்கு தடவை தொழிலைப் புதிதாகப் படித்தவர் அவர்.

இப்போது பெட்டிகளைப் பற்றி. முதல் வேலை, பரணிலிருந்து இறக்குங்கள். ஓட்டுக்கோ தகரத்துக்கோ கீழே கிடக்கிற நெகட்டிவ் வெந்துவிடும். பெட்டியைத் திறந்ததும் மோந்து பாருங்கள். காடி வாடை அடித்தால் பிலிமின் அடித்தாள் கெட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அது பக்கத்திலிருப்பதையும் கெடுக்கும் என்பதால் அந்தக் கட்டைத் தனியே வைத்து முதலில் அதைப் படமெடுத்துவிடுங்கள். பழைய பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றிவிட்டு நல்ல காகித உறைக்கு மாற்றுங்கள். உறைமேல் எழுதிய நம்பரைப் புது உறையிலும் எழுத மறக்காதீர்கள், நம்பர் போனால் எல்லாம் போச்சு. எல்.இ.டி. பலகை ஒன்றை வாங்கி அதன்மேல் நெகட்டிவை வைத்து, போனில் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக்கிப் பார்த்தால் இன்னாரென்று தெரிந்துவிடும். நல்ல ஸ்கேன் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதை நிதானமாகப் படியுங்கள். நெகட்டிவின் ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். மங்கலான பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால், முகம் இருக்கிற இடத்தில் சாம்பல் நிறத்தில் என்னமோ மினுங்கும். அழுக்கு என்று நினைத்துத் துணியால் துடைத்துவிடாதீர்கள். அது உங்கள் அப்பாவின் பென்சில். மனுஷர் போய்விட்டார், அவர் கை இழைத்த சுழி அதில் அப்படியே இருக்கிறது. பெரிதாக்கிப் பார்த்தால் ஒவ்வொரு சுழியும் தெரியும். மலருக்கு ஒரு படம் போடவேண்டும் என்றால், அவர் எடுத்த அழகான படத்தைவிட இந்த மாதிரி ஒரு நெகட்டிவின் கன்னத்தைப் பெரிதாக்கிப் போடுங்கள்.

பழைய பிலிம் வாங்குகிறவன் வந்து எடைக்குக் கேட்பான். அதிலுள்ள வெள்ளியைப் பிரித்தெடுப்பார்கள். படம் நிலைக்கப் போடுகிற ஹைப்போ கரைசல் தீர்ந்துபோனால் அதைக்கூட அதற்காகத்தான் எங்களிடம் கேன் கேனாக வாங்கிப் போவார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கணக்கான ஸ்டூடியோக்களின் நெகட்டிவ் அப்படித்தான் போனது. நான் கடை மூடும்போது என்னுடையதையும் அப்படித்தான் போட்டேன். என்ன வந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு வாரச் சாமானுக்குக் கூடக் காணவில்லை. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்கள் திட்டத்தோடு சேர்ந்து, நம் ஊர் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடித் தேடி மின்படியாக்கியது. 1880இலிருந்து 1980 வரையிலான படங்கள். உங்கள் பெட்டிகளில் ஆரம்ப காலத்துக் கட்டு இருந்தால், அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் போட்டுக் கேட்பதில் தவறில்லை.

ஆனால் ஊர்க்காரர்கள் படத்தை எல்லாம் அப்படியே பேஸ்புக்கில் ஏற்றிவிடாதீர்கள். 1957ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்தின் உரிமை, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குத்தான், எடுத்தவருக்கு இல்லை. சட்டம் இருக்கட்டும், பெண் பார்க்க அனுப்பிய படமும் சாவு வீட்டுப் படமும் கண்ணியம் சம்பந்தப்பட்ட சமாசாரம். அந்தந்த வீட்டில் போய்க் காட்டுங்கள். சந்தோஷமாகப் போடச் சொல்வார்கள், கூடவே உங்கள் அப்பாவைப் பற்றி ஒரு கதையும் சொல்வார்கள். மலருக்கு அதைவிட நல்ல சரக்கு கிடைக்காது. நூறு படத்தை நூறு வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்டு வந்தாலே முடிந்தது என்பேன்.

அட்டைக்கு அப்பாவின் நல்ல படம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றும் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். கிடைக்காது. எங்கள் அண்ணாச்சி இறந்த அன்று மாலை போட்டு மாட்ட ஒரு படம் இல்லாமல் வீடே அலமாரி அலமாரியாகத் தேடியது. ஊரில் எல்லார் வீட்டுச் சுவரிலும் அவர் எடுத்த படம், அவர் வீட்டுச் சுவரில் அவர் இல்லை. கடைசியில் என்னிடம் இருந்த ஒன்றைக் கொடுத்தேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் போகஸ் பழக, அவரே நாற்காலியில் உட்கார்ந்து, "மூக்கைப் பார்க்காதலே, கண்ணுல போகஸ் வை" என்று திட்டிக்கொண்டிருந்தபோது தட்டியது. வாய் பாதி திறந்திருக்கும். போகஸ் மூக்கில்தான் இருக்கும். அந்தப் படம்தான் இன்றைக்கும் அந்த வீட்டில் மாலையோடு தொங்குகிறது. அதனால் உங்கள் அப்பாவிடம் வேலை பழகிய பையன்கள் யாராவது இருந்தால் அவர்களைப் பிடியுங்கள். அவர்களிடம் இருக்கும்.

அப்பா எங்களை ஒழுங்காக ஒரு படம்கூட எடுத்ததில்லை என்று உங்கள் அக்கா சொன்னதாக எழுதியிருக்கிறீர்களே, அதற்கும் ஒரு பதில் வைத்திருக்கிறேன். ரோலில் 12 படம் என்றேன். ஒரு வாடிக்கையாளர் அவசரமாக நாளைக்கே வேண்டும் என்பார். ரோலில் ஒன்பதுதான் முடிந்திருக்கும். மீதி மூன்றை வீணாக்க மனம் வராது, முடிக்காமல் கழுவவும் முடியாது. அப்போது அண்ணாச்சி உள்ளே பார்த்து ஒரு சத்தம் போடுவார். பிள்ளைகள் பாதிச் சாப்பாட்டில் எச்சில் கையோடு ஓடி வருவார்கள். மதினி மாவு பட்ட கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வருவார்கள். பவுடர் இல்லை, சீப்பு இல்லை, அசையாதே இல்லை. சட்சட்டென்று மூன்று. ரோல் முடிந்தது, வேலை ஆயிற்று. பிரிண்ட் போடுவதற்கு அதற்குப் பிறகு நேரமே கிடைக்காது. அதனால் அந்தப் படங்களை உங்கள் வீட்டில் ஒருத்தரும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பெட்டிகளோடு பழைய நோட்டும் இருக்கவேண்டும், நீளவாக்கில், அட்டை கிழிந்து. நெகட்டிவ் நம்பர், பெயர், சைஸ், தொகை என்று கட்டம் போட்டிருக்கும். எங்கள் கடை நோட்டில் அங்கங்கே பெயர் எழுதுகிற இடத்தில் 'வீடு' என்று மட்டும் இருக்கும், தொகைக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. உங்கள் அப்பா என்ன வார்த்தை போட்டாரோ, தேடிப் பாருங்கள். அந்த நம்பர்களைக் குறித்துக்கொண்டு, முதலில் அவற்றை எடுங்கள். அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.